வெள்ளத்துக்குக் காரணம் தேடும் கணக்கு

2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ புயல் வந்தபோது கலா ஓயாவும் தெதுறு ஓயாவும் கரைமீறியதை நாம் மறக்கவில்லை. புத்தளம் - அநுராதபுரம் வீதியில் வெள்ளத்தில் அகப்பட்ட பஸ்ஸிலிருந்து சுமார் 70 பேர் மீட்கப்பட்டார்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

“எல்லாம் உலகம் சூடாகிறதாலதான்” என்கிறார்கள் சிலர். “1964ல மன்னாரிலயும் 1978ல மட்டக்களப்பிலயும் புயல் அடிக்கலையா?” என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் அவசரப் பேச்சே. பகடையில் ஒருதரம் ஆறு விழுந்ததை வைத்து, அதில் ஈயம் இருக்கிறது என்று சொல்லமுடியாது. பலதரம் உருட்டி, ஆறு அடிக்கடி விழுகிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

விஞ்ஞானிகளும் அப்படித்தான் செய்கிறார்கள். சராசரி மழையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வருடத்திலும் பெய்த மிகப் பெரிய மழையை மாத்திரம் எடுத்து, உலக வெப்பத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு கம்பியூட்டரில் இரண்டு உலகம் செய்கிறார்கள்: புகை கக்கிய உலகம் ஒன்று, கக்காத உலகம் ஒன்று. ‘வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்’ குழு 2025 டிசம்பரில் இப்படிப் பார்த்தது. உலகம் 1.3 பாகை சூடான இக்காலத்தில், இலங்கைப் பக்கத்து ஐந்துநாள் பெருமழை 28 முதல் 160 வீதம் வரை கூடியிருப்பதாக மழைப் பதிவுகள் காட்டின. ஆனால் கம்பியூட்டர் உலகங்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே மனிதன் செய்தது இவ்வளவு என்று அவர்கள் தொகை சொல்லவில்லை. அதனாலேயே அவர்கள் பேச்சை நாம் நம்பலாம். ஒன்று மட்டும்: இந்தக் கணக்கு மழையைத்தான் அளக்கும். வாய்க்காலை மூடினது யார் என்பதை அளக்காது.

இது நமது கூலிக்கும் உரிய விடயம். பாளை வெடித்துத் தேங்காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் செல்லும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை பொய்த்தால், அடுத்த வருடம் காய் குறையும். லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலைய ஆய்வாளரும் மழையை வைத்தே விளைச்சலை முன்கூட்டிக் கணித்திருக்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் காய் குறைந்தால் முதலில் ஏச்சு வாங்குவது பறிக்கிறவரும் காவல்காரரும்தானே!

அப்படி ஏச்சு வந்தால், மழைக் கணக்கையும் பறிப்புக் கணக்கையும் ஒன்றாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் போதாது, உரம் போடாததாலும் வெண் ஈ பிடித்ததாலும் காய் குறையலாம். ஒரே மண், ஒரே மழை, ஒரே வயது மரம் உள்ள இரண்டு துண்டு நிலங்களைப் பாருங்கள். ஒன்றுக்கு உரம் போட்டிருக்க வேண்டும், மற்றதுக்குப் போட்டிருக்கக் கூடாது. இரண்டிலும் ஒரேயளவு குறைந்திருந்தால் மழையைச் சந்தேகிக்கலாம். உரம் போடாத துண்டில் மட்டும் குறைந்திருந்தால், அந்தக் கேள்வியை உரக் கணக்கு வைத்திருப்பவரிடம் கேட்கவேண்டும்.