கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?



சென்ற மாதம் எங்கள் பள்ளி வாசலில் ஒரு தாயார் என்னை நிறுத்தினார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. "சார், எம் மகளுக்குக் கண்ணுல பவர் ஐந்நூறுன்னு கண்ணாடிக் கடையில சொல்லிட்டாங்க. லேசர் வெச்சா கண்ணாடியே வேணாமாமே? கடன வாங்கியாவது செஞ்சிடலாமா?" என்று கேட்டார். மகளுக்கு வயது பதினாறு. வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கும் பதிலாக அது எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சிகிச்சையை நானே செய்துகொண்டவன். என் அக்காள் மகன் அதற்காகவே பணம் சேர்த்துக்கொண்டு போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவன். ஆகவே இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் தோட்டங்களில் "கண்ணுக்கு லேசர் வெச்சாங்க" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இனிப்புநீர் வியாதியால் கண்ணின் உட்புறத்து விழித்திரையில் இரத்தக் கசிவு வந்தவர்களுக்கும் லேசர் வைப்பார்கள். அது இருக்கிற பார்வையைக் காப்பாற்றும் வைத்தியம். கண்புரை எடுத்த பிறகு, சில மாதங்களோ வருடங்களோ கழித்து மீண்டும் மங்கல் தட்டினால் அதற்கும் ஒரு லேசர் உண்டு. நான் சொல்லப்போவது இவை இரண்டுமல்ல. கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பவர் கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்காகச் செய்யும் லேசர் இது. முதலில் சொன்ன இரண்டையும் டாக்டர் செய்யச் சொன்னால் தள்ளிப் போடக்கூடாது. இதையோ வருடக்கணக்கில் தள்ளிப் போட்டாலும் கண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கரும்பலகை எனக்குப் பச்சையாகத்தான் தெரிந்தது, எழுத்து தெரியாது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவேன். மண்டு என்று பெயர் வாங்கினேன். ஒரு வருடம் கழித்துத்தான் ஓர் ஆசிரியை கண்டுபிடித்துச் சொல்லி, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தந்தையார் பட்டணத்துக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்தார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மரங்களுக்குத் தனித்தனி இலை இருப்பதைப் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோது என் பவர் அறுநூறு.

அறுநூறு என்றால் என்ன? கண்ணாடிக் கடையில் நூறு, இருநூறு என்று சொல்வதை டாக்டர்கள் ஒன்று, இரண்டு என்று எழுதுவார்கள். என்னுடையது மைனஸ் ஆறு. மைனஸ் என்றால் கிட்டப்பார்வை; அருகில் உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது தெரியாது. வெளிச்சம் கண்ணுக்குள் நுழைந்து, பின்புறமுள்ள விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிய வேண்டும். கிட்டப்பார்வைக்காரரின் கண் சற்று நீளமாக இருக்கும். அல்லது முன்புறத்து வளைவு கூடுதலாக இருக்கும். அதனால் வெளிச்சம் திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. படக்கொட்டகையில் திரையைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்தால் படம் எப்படி மங்கும்? அதுபோலத்தான்.

கண்ணின் முன்னால், கருவிழிக்கு மேல், கடிகாரத்தின் கண்ணாடி மூடியைப்போல் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதைக் கார்னியா என்பார்கள். வெளிச்சத்தை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்தப் படலமே செய்கிறது. இதன் நடுப்பகுதியை மிக மெல்லியதாகச் செதுக்கி வளைவைக் குறைத்துவிட்டால், குவியும் இடம் பின்னால் நகர்ந்து திரையில் போய் விழும். லேசர் செய்வது இவ்வளவுதான்.

இந்த லேசரின் கதையில் சென்னையில் பிறந்த ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ரங்கசாமி சீனிவாசன் என்னும் விஞ்ஞானி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இருவரோடு சேர்ந்து எக்சைமர் என்ற ஒருவகை லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பண்டிகை விருந்தில் மிச்சமான வான்கோழிக் கறியைச் சீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் அதில் லேசரைப் பாய்ச்சினார். வெட்டு சுத்தமாக விழுந்தது, சுற்றிலும் கருகவில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் அது. சூட்டினால் பொசுக்காமல், திசுவைப் பிணைத்திருக்கும் கட்டுகளையே அறுத்து ஆவியாக்கிவிடுகிறது. ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவர் இதைக் கார்னியாவில் பயன்படுத்தலாம் என்று கண்டு, சீனிவாசனோடு சேர்ந்து 1983-இல் அதுபற்றி எழுதினார். மற்றவர்கள் அதை மேலும் வளர்த்தார்கள். சீனிவாசன் உட்பட மூவருக்கும் 2013-இல் அமெரிக்க அதிபர் தேசியப் பதக்கம் வழங்கினார். மிச்சக் கறியைச் சும்மா எறிந்திருந்தால் என் கண்ணாடி இன்னும் மூக்கில்தான் இருந்திருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு. எனக்கு வயது முப்பத்தாறு. தோட்டத்து மண்சாலையில் மோட்டார் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போய்வருவேன். ஒருநாள் மாலை மழையில் கண்ணாடி நனைந்து, எதிரே வந்த லோரியின் விளக்கு ஆயிரம் துண்டாய்ச் சிதறித் தெரிந்தது. வடிகாலில் விழுந்தேன். கண்ணாடி போனது. அறுநூறு பவர்காரன் கண்ணாடி இல்லாமல் இருட்டில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

என் மனைவிக்குச் சம்மதமில்லை. "ஏங்க, இருக்கிற கண்ணையும் கெடுத்துக்கிட்டு வந்து நிக்காதீங்க" என்றார். அவர் பயம் நியாயமானதே. கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற கண் அது. நோயில்லாத கண்ணில் கத்தி வைப்பதற்குக் காரணம் வேண்டும். இரண்டு மாதம் பேசினோம். பரிசோதனைக்கு மட்டும் போவது, டாக்டர் சொல்வதைக் கேட்டபிறகு முடிவு செய்வது என்று ஒத்துக்கொண்டோம். என் அக்காள் மகனும் கூட வருகிறேன் என்றான். குலை வெட்டுகிறவன், அப்போது இருபத்திரண்டு வயது. அண்ணாந்து பார்த்து நீளக் கம்பை ஓங்கும்போது வியர்வையில் கண்ணாடி வழுக்கி விழுகிறது, மேலிருந்து தூசும் பூவும் கொட்டுகிறது என்று கண்ணாடியை வெறுத்துப்போயிருந்தான். இரண்டு வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தான்.

பரிசோதனை அரை நாள் பிடித்தது. பவரை அளந்தார்கள். பழைய பவர்ச் சீட்டுகளைக் கேட்டார்கள். கடைசி ஒரு வருடத்தில் பவர் ஐம்பதுக்கு மேல் மாறியிருக்கக்கூடாதாம். கண்ணீர் போதுமான அளவு ஊறுகிறதா என்று பார்த்தார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து விழித்திரையைப் பார்த்தார்கள். பிறகு ஓர் இயந்திரத்தின் முன் உட்காரவைத்துக் கார்னியாவின் மேடுபள்ளங்களை வரைபடம்போல் படம் பிடித்தார்கள். அதன் கனத்தையும் அளந்தார்கள்.

இந்தக் கனக் கணக்கைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். என் கார்னியா 540 மைக்ரோன். அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். லேசிக் என்ற முறையில் மேலே 110 மைக்ரோன் கனத்தில் ஒரு மெல்லிய மூடியைத் திறப்பார்கள். நூறு பவரைக் குறைக்க ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரோன் செதுக்க வேண்டும். எனக்கு ஆறு மடங்கு, அதிகபட்சம் 90. மூடியும் செதுக்கலும் போக மீதம் 340. அடியில் மிஞ்சுவது 250-க்குக் குறையவே கூடாது. 300-க்கு மேல் இருப்பதையே பல டாக்டர்கள் விரும்புகிறார்கள். எனக்குத் தேறியது. பவர் அதிகமாகவும் படலம் மெல்லியதாகவும் இருப்பவருக்கு இந்தக் கணக்கு உதைக்கும். செதுக்கியதைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.

அக்காள் மகனுக்குக் கணக்கு உதைக்கவில்லை. படம்தான் உதைத்தது. கார்னியாவின் கீழ்ப்பக்கம் ஓர் இடத்தில் வளைவு தூக்கலாக இருக்கிறது, இது கூம்புபோல் நீண்டுகொண்டே போகும் நோயின் தொடக்கமாக இருக்கலாம், இதன்மேல் லேசர் வைத்தால் மேலும் பலவீனமாகிப் பார்வை கெட்டுவிடும் என்றார் டாக்டர். கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். தினமும் தூசியில் நிற்பவன் கசக்காமல் என்ன செய்வான்? திரும்பி வரும் வழியில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "மாமாவுக்கு மட்டும் ஆவுது, எனக்கு ஆவாதா?" என்று வீட்டுக்கு வந்துதான் கேட்டான். வேறோர் இடத்திலிருந்து அவனுக்குத் தொலைபேசி வந்தது. மாதக் கடைசிக்குள் பதிந்தால் விலையில் தள்ளுபடி என்றார்கள். போகத் துடித்தான். அக்காள்தான் குறுக்கே நின்றார். "கண்ணுக்கு என்ன தள்ளுபடி?" என்றார். மறு வருடம் மீண்டும் படம் எடுத்தபோது வளைவு கூடியிருந்தது. டாக்டர் முன்பு சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. வைட்டமின் சொட்டு விட்டுப் புற ஊதா வெளிச்சம் காட்டிப் படலத்தைக் கெட்டியாக்கும் சிகிச்சை செய்தார்கள். நோய் அந்த அளவில் நின்றது. கண்ணாடி போகவில்லை. இன்று நாடா கட்டிய பாதுகாப்புக் கண்ணாடியில் தன் பவரைப் போட்டு வேலை செய்கிறான். கசக்குவதை விட்டுவிட்டான்.

எனக்குச் செய்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மயக்க ஊசி கிடையாது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு சிறு கம்பியை வைத்தார்கள். கண்ணை ஒரு வளையம் அழுத்தியபோது சில நொடிகள் பார்வை இருண்டது. அதுதான் பயமான நேரம். பிறகு விட்டுவிட்டு எரியும் ஒரு விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். டிக் டிக் என்ற சத்தம், முடி கருகுவதுபோல் ஒரு வாடை. ஒரு கண்ணுக்கு லேசர் ஓடியது ஒரு நிமிடம்கூட இல்லை. மூடியைத் திரும்ப வைத்துத் தடவிவிட்டார்கள். தையல் கிடையாது. வீட்டுக்கு வந்து நாலைந்து மணி நேரம் வெங்காயம் அரிந்ததுபோல் எரிந்தது. தூங்கி எழுந்தேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தேதி தெரிந்தது. என் மனைவி அழுதுவிட்டார்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. ஒரு வாரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, இரவில் பிளாஸ்டிக் மூடி கட்டிக்கொண்டு தூங்க வேண்டும், வேளை தவறாமல் சொட்டு மருந்து. கண் வறட்சி எட்டு மாதம் என்னை வாட்டியது. இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது. அது இன்றும் கொஞ்சம் இருக்கிறது. சிலருக்குப் பவர் ஓரளவு திரும்பி வருவதும் உண்டு.

உடல் உழைப்பாளிகளுக்கு இன்னொரு செய்தி. லேசிக் முறையில் திறந்த மூடி பழைய பலத்தோடு ஒட்டுவதில்லை. மட்டையோ முள்ளோ கண்ணில் பலமாக அடித்தால் வருடங்கள் கழித்தும் அது நகரலாம். மூடி திறக்காமல் மேற்பரப்பிலேயே செதுக்கும் பி.ஆர்.கே. என்ற முறை உண்டு. மூன்று நான்கு நாள் நன்றாக வலிக்கும்; பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும்; ஆனால் நகர்வதற்கு மூடியே இல்லை. சிறு துளை வழியே செய்யும் ஸ்மைல் என்ற முறையும் வந்திருக்கிறது. குலை வெட்டுகிறவர் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாம் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

வயதும் ஒரு விஷயம். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். அது கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதால் வருவது. கார்னியாவைச் செதுக்கி அதை நிறுத்த முடியாது. எனக்கு டாக்டர் அன்றே சொன்னார். சொன்னபடி நாற்பத்திரண்டில் வந்தது. இப்போது நோட்டுப் புத்தகம் திருத்த ஒரு மலிவுக் கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவர், நாற்பத்தைந்து வயது, இருநூற்றைம்பது பவர், செய்துகொள்ளலாமா என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றினால் செய்தித்தாள் படிக்க முடிகிறதா என்றேன். முடிகிறது என்றார். லேசர் வைத்தால் அந்த வசதி போய்விடும் என்றேன். யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

இரண்டு கண்ணுக்கும் மருந்தோடு சேர்த்து எனக்கு 6,500 வெள்ளி ஆனது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. அந்தச் சம்பளக்காரருக்கு இது ஏறக்குறைய நான்கு மாதத்து முழு வருமானம். வட்டிக்கு வாங்கிச் செய்கிற காரியம் இதுவல்ல என்பது என் கருத்து.

அந்தத் தாயாருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பதினாறு வயதில் பவர் இன்னும் ஏறும். பதினெட்டு ஆவதற்குள் நல்ல டாக்டர் யாரும் இதைத் தொடமாட்டார். இருபது தாண்டி, பவர் ஒரு வருடமாவது ஏறாமல் நின்று, பிறகும் மகளே விரும்பினால், தன் சம்பளத்தில் பரிசோதனைக்குப் போகட்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் மாறும் என்பதால் அப்போது செய்யமாட்டார்கள். இப்போதைக்கு நல்ல கண்ணாடி ஒன்றைச் சரியான பவரில் போட்டுக் கொடுங்கள் என்றேன். ஐந்நூறு பவர் என்பதால், கண்ணுக்குள் திடீரென்று மின்னல் வெட்டுவதுபோலவோ நிறையக் கரும்புள்ளிகள் மிதப்பதுபோலவோ தெரிந்தால் அன்றே அரசாங்க மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விழித்திரை கிழிவதன் அடையாளமாக இருக்கலாம். லேசர் செய்துகொண்ட என்னைப் போன்றவர்களுக்கும் அந்த ஆபத்து நீங்குவதில்லை.

கண்ணாடிக் கடையில் தரும் பவர்ச் சீட்டை ஒவ்வொரு வருடமும் ஒரு நோட்டில் ஒட்டிவைக்கச் சொன்னேன். மறுநாளே மகள் ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்று சீட்டுகள் ஒட்டியிருந்தன: முந்நூறு, நானூறு, ஐந்நூறு. நாலாவது சீட்டுக்கு இடம் விட்டிருந்தாள்.