டிராக்டர் சக்கர அகலமும் இடைவளையங்களும்

மாடு கட்டி உழுத காலத்தில், வரிசைப் பயிருக்கு இடையுழவு செய்ய வேண்டியபோது நமது குடியானவர்கள் வழக்கமான நுகத்தடியை எடுத்துவிட்டு நீண்ட நுகத்தடியைப் பூட்டுவார்கள். மாடுகள் இரண்டும் பயிரை மிதிக்காமல் வரிசைகளுக்கு இடையே நடந்து செல்வதற்கு அது ஏற்பாடு. இன்று திருவள்ளூர் ஜில்லாவில் பெரும்பாலான உழவு வேலை டிராக்டரால் நடைபெறுகிறது. டிராக்டரில் நுகத்தடியின் ஸ்தானத்தை வகிப்பது பின்சக்கரங்களின் அகலமேயாகும். அகலம் என்பது ஒரு டயரின் நடுக்கோட்டிலிருந்து மற்றொரு டயரின் நடுக்கோடு வரையுள்ள தூரம்.

இந்த அகலத்தை அதிகப்படுத்த விரும்புவோர் பலர் நேரே கடைசல் பட்டறைக்குச் சென்று, சக்கரத்துக்கும் அச்சின் குடத்துக்கும் நடுவே வைக்கும் இரும்பு வளையத்தைச் செய்யச் சொல்லுகின்றனர். பட்டறைகளில் இதற்கு ஸ்பேசர் என்று பெயர். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் காக்களூர்த் தொழிற்பேட்டையும் உள்ள இந்த ஜில்லாவில் லேத் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வளையம் தேவைதானா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

வண்டியிலேயே உள்ள வசதி

1939-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த போர்டு–பெர்குசன் டிராக்டரில், பின்சக்கர அகலத்தை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை, 4 அங்குலப் படிகளாக எட்டு வகையில் மாற்றலாம். சக்கரத்தின் நடுத்தட்டு குழிந்த கிண்ணம் போன்றது. ரிம்மில் அதைத் தாங்கும் காதுகளும் ஒரு பக்கம் ஒதுங்கியுள்ளன. தட்டைத் திருப்பியும், ரிம்மைத் திருப்பியும், காதின் உட்புறத்திலோ வெளிப்புறத்திலோ தட்டை வைத்தும் பூட்டினால் வெவ்வேறு அகலங்கள் கிடைக்கும். பின்னர் வந்த பல டிராக்டர்களும் இம்முறையைத் தழுவியவையே. அவரவர் வண்டியில் எத்தனை படிகள் உள்ளன என்பதைக் கைப்புத்தகத்தில் காணலாம்.

கரும்பை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 3 அடி விட்டு நட்ட தோட்டத்தில், இரண்டு வரிசைகளை நடுவில் விட்டுச் செல்ல 72 அங்குல அகலம் வேண்டும். 5 அடி இடைவெளியில் நட்டிருந்தால், ஒரு வரிசையை நடுவில் விட்டுச் செல்ல 60 அங்குலம் போதும். இவ்விரண்டும் மேற்கூறிய எட்டுப் படிகளுள் அடங்கியவை, வளையம் அவசியமில்லை. 3 அடி வரிசையில் 56 அங்குல அகலத்துடன் வண்டியை இறக்கினால், 13 அங்குல டயரின் உள்விளிம்பு பயிர் வரிசைக்கு மூன்றரை அங்குலத்துக்குள் வந்துவிடும். அவ்விடத்து மண் இறுகி, வேர்களும் நசுங்கும். திருத்தணி, திருவாலங்காடு பக்கத்துக் கரும்பு விவசாயிகள் நடுவதற்கு முன்பே வண்டியின் அகலத்தை அளந்துகொண்டு, அதற்கிசைந்த இடைவெளியில் பார் பிடிப்பது நலம்.

சக்கரத்தைத் திருப்பிப் பூட்டும்போது டயரின் பக்கத்திலுள்ள அம்புக்குறி, வண்டி முன்செல்லும்போது சக்கரம் சுழலும் திசையையே காட்ட வேண்டும். தலைகீழாக இருந்தால் வலப்புறச் சக்கரத்தை இடப்புறத்துக்கு மாற்றுக. டயருக்குள் நீர் நிரப்பியிருந்தால் அதை முன்னதாக வடித்துவிட வேண்டும். நீர் நிறைந்த சக்கரம் சாய்ந்தால் ஓர் ஆளால் தாங்க இயலாது.

வளையத்தால் ஏற்படும் பளு

படிகள் எல்லாம் தீர்ந்த பின்னும் டயர் மட்கார்டில் உராய்ந்தாலோ, பொன்னேரிப் பக்கத்து நெல் வயல்களில் சேறடிக்கும் கேஜ் வீல் டயரோடு இடித்தாலோதான் இடைவளையத்தைப் பற்றி நினைக்க வேண்டும். அப்போதும் அதன் விளைவை அறிந்திருத்தல் அவசியம். ஒரு பின்சக்கரம் 800 கிலோ பளுவைத் தாங்குகிறது என்று கொள்வோம். 2 அங்குல, அதாவது 5 சென்டிமீட்டர் வளையத்தை இட்டால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 40 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமமான வளைவுப் பளு அச்சின்மீது புதிதாகச் சேருகிறது. வரப்பில் ஏறி இறங்கும்போது இது இன்னும் அதிகமாகும். தட்டைத் திருப்பி அகலப்படுத்தும்போதும் பளு கூடுகிறதென்றாலும், தயாரித்தவர்கள் அதைக் கணக்கிட்டே அச்சையும் பேரிங்கையும் அமைத்திருக்கிறார்கள். வளையத்தை அவர்கள் கணக்கில் சேர்த்ததில்லை.

முன்சக்கரங்களுக்கு இடைவளையம் அறவே கூடாது. ஸ்டியரிங் கனத்துப்போவதுடன், அதன் மூட்டுகளும் விரைவில் தேய்ந்துவிடும்.

செய்யும் முறை

பட்டறைக்குப் போகும்போது சக்கரத் தட்டையே கொண்டு செல்லுதல் உத்தமம். குடத்தின் நடு விட்டம், போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், துளைகளின் எண்ணிக்கை, போல்ட்டின் கனம், மரையின் நெருக்கம் ஆகிய ஐந்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

வளையம் நல்ல எஃகுத் தகட்டிலிருந்து வெட்டப்பட வேண்டும். வார்ப்பிரும்பு அதிர்ச்சியில் விண்டுபோகும். இன்ன உலோகமென்று தெரியாத பழைய இரும்புத் துண்டும் ஆகாது. வளையத்தின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி லேத்தில் சீவ வேண்டும். இணை தவறினால் சக்கரம் ஆடும். துளைகளைக் கண்ணளவில் குறித்துப் போடாமல், வட்டத்தைச் சமமாகப் பங்கிடும் கருவியைக் கொண்டு போட வேண்டும். நடுத்துளை குடத்தின் மீது நெருக்கமாக உட்காருவது முக்கியம். தளர்ந்திருந்தால் பளு முழுவதும் போல்ட்டுகளின் மேல் விழுந்து அவை அறுந்துபோகும்.

பொருத்தும் முறை

துரு, சேறு, பெயிண்டு ஆகியவற்றை இரு முகங்களிலிருந்தும் சுரண்டி அகற்றுக. பழைய போல்ட்டையே உபயோகித்தால் வளையத்தின் கனம் மரையைத் தின்றுவிடும். குறைந்தபட்சம் போல்ட்டின் விட்டத்தளவு நீளமாவது மரை நட்டுக்குள் ஏறியிருக்க வேண்டும். இல்லையேல் நீளமான, அதே தரமுள்ள போல்ட் வாங்குக. எதிரெதிர் நட்டுகளை மாறி மாறி, கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு முறுக்க வேண்டும். ஒரு மணி நேரம் வேலை செய்தபின் மறுபடியும் முறுக்குக. பிறகு தினந்தோறும் காலையில் ஸ்பானர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வளையத்தின் மேல் இன்னொன்றை அடுக்குவது பேராபத்து. டிரெயிலரில் கரும்பையோ ஆட்களையோ ஏற்றிச் செல்லும்போது சக்கரம் கழன்றால் உயிர்ச்சேதம் நேரிடும்.

கார், ஜீப் சொந்தக்காரர்களுக்கு

அகன்ற டயர் போடவோ அழகுக்காகவோ கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் வளையம் இடுவோர் உண்டு. மேற்சொன்ன விதிகள் யாவும் அவற்றுக்கும் பொருந்தும்; வேகம் அதிகமாதலால் ஆபத்தும் அதிகம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று விதிக்கிறது. டிராக்டரும் மோட்டார் வாகனமே. ஆகையால் வளையம் செய்யக் கொடுப்பதற்கு முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது விவேகம்.

கிராம அதிகாரிகளுக்கு

ஊருக்குப் பொதுவாக டிராக்டரை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள், வண்டியின் அகலப் படிகளை ஒரு பலகையில் எழுதிக் கொட்டகையில் மாட்டிவைத்தால், வாடகைக்கு எடுப்பவர் தமது பயிரின் இடைவெளியைச் சொன்னவுடனே சரியான படியில் சக்கரத்தைப் பூட்டிக் கொடுக்க முடியும். இதற்குச் செலவு ஏதுமில்லை. சந்தேகமுள்ளோர் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆலோசனை பெறலாம். வண்டிக்குள்ளேயே இருக்கும் வசதியை அறியாமல் வெளியே பணத்தைச் செலவிட்டு, அச்சையும் இழப்பது விவசாயிகளுக்கு அழகன்று. முதலில் அளவுகோலை எடுப்பது, அடுத்துக் கைப்புத்தகத்தைப் புரட்டுவது, கடைசியாகப் பட்டறைக்குச் செல்வது என்பதே யாவரும் கைக்கொள்ள வேண்டிய வரிசையாகும்.