ஒரே ஒரு கார், ஆயிரம் கருத்து: திரையில் அழகை எடை போடுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் செய்யும் முதல் வேலை, வால்பேப்பரை மாற்றுவது. சாமி படம், குழந்தை படம், அருவி என்று போட்டுப் பார்த்த பிறகு, வீட்டில் இளைஞர் யாராவது இருந்தால் கட்டாயம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து உட்கார்ந்துவிடும். நானும் கார் படங்களைச் சேர்த்து வைப்பவன்தான். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை, உலகில் ஒன்றே ஒன்று மட்டும் தயாரான கார்கள். பெரும் பணக்காரர் ஒருவர் தனக்காக மட்டும் சொல்லிச் செய்துகொள்ளும் கார்கள் இவை.

இந்தக் கார்களைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டைக்கு அளவே இல்லை. ஒருவர் "சிற்பம்" என்பார். இன்னொருவர் "இதற்கா இவ்வளவு பணம்?" என்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண காராக இருந்தால் ஷோரூமுக்குப் போய்ச் சுற்றி வந்து பார்க்கலாம். ஒரே ஒரு கார் என்றால் அதை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லாரும் படத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்கிறோம். அந்தப் படம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வடிவமைப்பாளரின் உழைப்பைக் குறை சொல்வது நியாயம் இல்லை. அதற்கான எளிய சோதனைகளை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். அவற்றைப் பார்ப்பதற்கு முன் ஒரு காரின் கதை.

பெராரி பி4/5

அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ் திரைப்பட இயக்குநராக இருந்தவர். பழைய பந்தயக் கார்களைச் சேர்ப்பவர். 1960களில் பெராரி நிறுவனம் தயாரித்த பி வரிசைப் பந்தயக் கார்கள் என்றால் அவருக்கு உயிர். 1967ல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பெராரிக்குப் பெற்றுத் தந்தவை இந்தக் குடும்பத்துக் கார்கள்தான். இவற்றை நினைவூட்டும் புதிய கார் ஒன்று வேண்டும் என்று இத்தாலியின் பினின்பரினா நிறுவனத்திடம் அவர் கேட்டார்.

இதற்காக புத்தம் புதிய என்ஸோ பெராரி ஒன்றை வாங்கி, அதன் மேல் உடலை நீக்கி, வேறு உடல் பொருத்தினார்கள். வடிவமைத்தவர் ஜேசன் கேஸ்ட்ரியோட்டா. 2006 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கார் விழாவில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது. பெராரி நிறுவனமும் தன் பெயரைச் சூட்ட அனுமதித்ததால், "பெராரி பி4/5 பை பினின்பரினா" என்ற பெயர் பெற்றது.

உடனே விவாதம் தொடங்கியது. "400 மட்டுமே தயாரான என்ஸோவில் ஒன்றைக் கலைக்கலாமா?" என்பது ஒரு கட்சி. "பழைய காரைக் காப்பி அடித்திருக்கிறார்கள், புதுமை எங்கே?" என்பது இரண்டாவது கட்சி. "என்ஸோவின் முகம் பார்முலா 1 காரைப் போலக் கூர்மையாக, முரட்டுத்தனமாக இருந்தது, பெராரியின் பழைய வளைவுகள் இதில்தான் திரும்ப வந்தன" என்பது மூன்றாவது கட்சி. யார் சொல்வது சரி? இனி உங்கள் மவுஸைக் கையில் எடுங்கள்.

சோதனை 1: சக்கரம் வட்டமாக உள்ளதா?

வால்பேப்பர் அமைக்கும்போது பில், பிட், ஸ்ட்ரெட்ச் என்று சில வழிகள் தரப்படும். இதில் ஸ்ட்ரெட்ச் என்பதைத் தேர்ந்தெடுத்தால், படம் திரை முழுவதையும் நிரப்பும்படி இழுக்கப்படும். பழைய படங்கள் பல 4:3 அளவில் இருக்கும், அதாவது 1600 x 1200 பிக்ஸல் போல. இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலும் 16:9 அளவில் இருப்பவை. அந்தப் படத்தை இந்தத் திரைக்கு இழுத்தால், உயரத்தோடு ஒப்பிடும்போது அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கார் தரையோடு ஒட்டியது போலவும் நீண்டது போலவும் தெரியும். "ரொம்பத் தட்டையாக இருக்கிறது" என்று நீங்கள் குறை சொல்வது காரை அல்ல, உங்கள் செட்டிங்கை!

கண்டுபிடிப்பது எளிது. பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றைப் பாருங்கள். சக்கரத்தின் உலோக வளையம் சரியான வட்டமாக இருக்க வேண்டும். முட்டை போல இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரெட்ச்சுக்குப் பதில் பிட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் முட்டையாகவே இருந்தால், படத்தை அனுப்பியவரே இழுத்துவிட்டார் என்று பொருள்.

சோதனை 2: பெயின்ட் புரோகிராமில் அளந்து பாருங்கள்

"காப்பி" என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். கார் வடிவமைப்பில் முக்கியமான அளவு, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ள தூரம். இதை வீல்பேஸ் என்பார்கள். 1967ன் 330 பி4 காரில் இது 2,400 மி.மீ.; என்ஸோவில் 2,650 மி.மீ. பி4/5 என்ஸோவின் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. அதாவது, பழைய காரின் வளைவுகளைக் கால் மீட்டர் நீளமான அடித்தளத்தின் மேல் வரைய வேண்டிய நிலை. அப்படியே காப்பி அடிக்க நினைத்தாலும் முடியாது.

இதை நீங்களே பார்க்கலாம். நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பெயின்ட் புரோகிராமில் திறந்திடுங்கள். மவுஸ் கர்சரை முன் சக்கரத்தின் மையத்தில் வையுங்கள். கீழே இடது பக்க மூலையில் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் சக்கர மையத்திலும் அவ்வாறே செய்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வீல்பேஸ் பிக்ஸலில் கிடைக்கும். அதேபோல முன் டயரின் அகலத்தையும் அளந்து, வீல்பேஸை அதனால் வகுத்திடுங்கள்.

என்ஸோவின் முன் டயர் சுமார் 65 செ.மீ. விட்டம் உள்ளது. எனவே விடை ஏறத்தாழ 4 வரும். பி4, பி4/5 கார்களையும் இப்படி அளந்து ஒப்பிடுங்கள். எது நீளம், எது குட்டை என்று எண்ணே சொல்லிவிடும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதைவிட "பின் பக்கம் நீளமாக இருப்பதால் பிடிக்கவில்லை" என்று சொல்லும்போதுதான் விவாதத்துக்கு மதிப்பு வருகிறது.

சோதனை 3: கேமரா எவ்வளவு அருகில் இருந்தது?

4.5 மீட்டர் நீளமுள்ள காரின் மூக்குக்கு 2 மீட்டர் முன்னால் நின்று படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காரின் வால் 6.5 மீட்டர் தூரத்தில் இருக்கும். படத்தில் மூக்குப் பகுதி, வாலைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக விழும். 20 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் வித்தியாசம் 1.2 மடங்குதான். ஒரே கார் முதல் படத்தில் பாயும் புலி, இரண்டாவதில் படுத்த பூனை!

படத்தின் பைல் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேப்பில் கிளிக் செய்திடுங்கள். கேமரா மாடல், போகல் லெங்த் போன்ற தகவல்கள் இருக்கலாம். 35 எம்.எம். கணக்கில் போகல் லெங்த் 28க்குக் கீழே இருந்தால், காரை ஒட்டி நின்று எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தை வைத்து "முகம் ரொம்பப் பெரிது" என்று முடிவு கட்டாதீர்கள்.

சோதனை 4: போட்டோவா, கம்ப்யூட்டர் வரைந்ததா?

டீடெய்ல்ஸ் பகுதியில் கேமரா விவரமே இல்லை என்றால், அது கம்ப்யூட்டரில் உருவாக்கிய படமாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. பல இணைய தளங்கள் இந்த விவரங்களை நீக்கிவிடுகின்றன. எனவே காரின் மேல் விழும் பிரதிபலிப்பைப் பாருங்கள். உண்மையான காரில் மரம், கட்டிடம், கேமராக்காரர் என எல்லாம் கலைந்து தெரியும். வரைந்த படத்தில் பெரும்பாலும் வழவழப்பான ஒளிக் கோடுகள் மட்டுமே இருக்கும்.

அந்த ஒளிக் கோடுகள்தான் வடிவமைப்பாளரின் உண்மையான பரீட்சை. பேனல்கள் சரியாக வளைந்து சேர்ந்தால் கோடு தடையின்றி ஓடும். சரியாகச் சேராத இடத்தில் ஒடிந்து நிற்கும். இந்த வளைவுகளைக் கம்ப்யூட்டரில் வரைய உதவும் கணக்கு 1960களில் ரெனோ கார் நிறுவனத்தில் இருந்த பியர் பெஸியே பெயரால் வழங்குகிறது. கோரல்டிரா புரோகிராமில் நீங்கள் இழுத்து வளைக்கும் கோடும் அதே பெஸியே கோடுதான்.

கருப்புக் கார் என்றால் இன்னும் கவனம் தேவை. 2019 ஜெனீவா கண்காட்சியில் புகாட்டி காட்டிய லா வாச்சூர் நுவார் முழுக்கக் கருப்பு. இரண்டாம் உலகப் போரின்போது காணாமல் போன ஜீன் புகாட்டியின் கருப்பு அட்லாண்டிக் காருக்கு மரியாதை செய்யும் கார் அது. மானிட்டரில் பிரைட்னஸ் குறைவாக இருந்தால் அதன் வளைவுகள் எல்லாம் ஒரே கருப்புத் திட்டாகிவிடும். பிரைட்னஸைக் கூட்டி, திரைக்கு நேராக உட்கார்ந்து மறுபடி பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு பி4/5 பற்றி என் கருத்து? முன்பக்க வளைவுகளும், தலைக்கவசம் போன்ற கண்ணாடிக் கூண்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். என்ஸோவைக் கலைத்தது சரியா என்ற கேள்விக்கு மட்டும் எந்த சாப்ட்வேரிலும் விடை இல்லை. அதை நீங்கள் நண்பர்களோடு விவாதிக்கலாம்.

இந்தச் சோதனைகள் காருக்கு மட்டும் அல்ல. இணையத்தில் வீடு வாடகைக்குப் பார்க்கும்போது 10 அடி அறை ஹால் போலத் தெரிகிறதா? கேமரா மூலையில் ஒட்டி நின்றிருக்கும். புடவையின் நிறம் வேறாக வந்ததா? மானிட்டரின் பிரைட்னஸைக் கவனியுங்கள். இன்றே உங்கள் படங்களில் ஒன்றைத் திறந்து, முதலில் அதன் சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.