வடிகால் அடைபடும் கழுத்து

கழுத்து முதுகெலும்பில் முன்புறமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை, அமெரிக்க மருத்துவர்களான ராபின்சனும் ஸ்மித்தும் 1955இல் விவரித்த வழியையே இன்றும் பெரும்பாலும் பின்பற்றுகிறது. அவ்வழியில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் நடுப்பக்கமாகவும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனி வெளிப்பக்கமாகவும் ஒதுக்கிப் பிடிக்கப்பட்டு, இடையில் திறக்கும் சந்தின் வழியே முள்ளெலும்புகள் எட்டப்படுகின்றன. தென்னையிலிருந்து விழுந்தவர், இருசக்கர வாகன விபத்தில் சிக்கியவர், டிஸ்க் பிதுங்கிக் கை மரத்துப்போனவர் என ஒரத்தநாட்டுச் சிற்றூர்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுசெல்லப்படுவோரில் சிலருக்கு இந்த அறுவை தேவைப்படுகிறது. எலும்பு சரியாகப் பொருத்தப்பட்டபின்னும் முதல் மூன்று நாட்கள் கவனிக்கப்பட வேண்டியது எலும்பன்று, மணிக்கணக்கில் ஒதுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த தொண்டையே.

அங்கு வரும் வீக்கம் இருவகைப்படும். முதலாவது, கசிந்த இரத்தம் காயத்துக்குள் தேங்கி உறைவதால் உண்டாகும் இரத்தக் கட்டு. இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டு, விரைந்து வளரும். இரண்டாவது, இழுபட்டு நசுங்கிய திசுக்களில் நீர் கோத்துக்கொள்வது. இது மெல்ல ஏறி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, பின்னர் வற்றும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய அறுவைக்கு உள்ளான 311 பேரில் 19 பேருக்கு மூச்சுப்பாதைச் சிக்கல் ஏற்பட்டது. அறிகுறிகள் தோன்றச் சராசரியாக 36 மணி நேரம் ஆனது. மூன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் திறக்கப்படுவது, இரண்டு முதல் நான்கு வரையிலான மேல் முள்ளெலும்புகளில் கை வைப்பது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவை நீள்வது, 300 மில்லி லிட்டருக்கு மேல் இரத்தம் இழப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டுவனவாக அதில் கண்டறியப்பட்டன.

இரத்தக் கட்டு மூச்சுக்குழலை நேரடியாக நசுக்கிவிடுகிறது என்ற பொதுவான எண்ணம் பாதிதான் சரி. வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த டெல்டா விவசாயிக்கு மீதிப் பாதியை விளக்குவது எளிது. தமனிகள் தடித்த சுவரும் மிகுந்த அழுத்தமும் உடையவை. சிரைகளும் நிணநீர்க் குழல்களும் மெல்லியவை என்பதால் கட்டின் அழுத்தத்துக்கு அவையே முதலில் அடங்கிப்போகின்றன. வரத்து நிற்காமல் வடிகால் மட்டும் அடைபட்ட வயலைப்போல, குரல்வளையின் உட்சவ்வு ஊறி உப்புகிறது. தையலைப் பிரித்துக் கட்டை அகற்றியவுடன் மூச்சு முழுதாகச் சீராகிவிடாமல் போவதற்கும், செயற்கைக் குழாயைத் தொண்டைக்குள் செலுத்த முயலும் மயக்கவியல் மருத்துவருக்குக் குரல்வளையின் வாயே தென்படாமல் போவதற்கும் இதுவே காரணம்.

வீக்கத்தை அளக்க எண்கள் இல்லாமலில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முள்ளெலும்புக்கு முன்னுள்ள மென்திசுவின் தடிமன், வளர்ந்தவர்களில் இரண்டாம் முள்ளெலும்பருகே ஏறத்தாழ 6 மில்லி மீட்டருக்குள்ளும், ஆறாம் முள்ளெலும்பருகே 22 மில்லி மீட்டருக்குள்ளும் இருப்பது இயல்பு. ஆயினும் அறுவைக்குப்பின் இத்தடிமன் ஏறக்குறைய எல்லோருக்கும் கூடுவதால், படத்தில் தெரியும் வீக்கம் மூச்சுத் தடையைக் கணிப்பதில் நம்பகமான சாட்சியாவதில்லை. மூச்சு முட்டும் ஒருவரைப் படம் எடுப்பதற்காக மல்லாக்கப் படுக்கவைத்து ஸ்கேன் அறைக்கு அனுப்புவதோ, கணிப்பில் நேரும் பிழையைவிடப் பெரிய பிழை.

எனவே மதிப்பீடு படுக்கையருகிலேயே நடக்கிறது. எச்சிலை விழுங்க இயலாமை, குரல் மாறுதல், படுக்க மறுத்து எழுந்து உட்காருதல், காரணமற்ற பதற்றம், நாடித்துடிப்பு ஏறுதல் ஆகியவை முந்தி வருவன. மூச்சிழுக்கையில் கேட்கும் கீச்சொலி பிந்தி வருவது. விரலில் மாட்டிய கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு குறைவது எல்லாவற்றிலும் கடைசி. குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால், சீரான ஓட்டத்திலேயே தடை 16 மடங்காகும் என்பதால், முந்திய அறிகுறிக்கும் கடைசி அறிகுறிக்கும் இடைப்பட்ட நேரம் மிகக் குறுகியதாக இருக்கக்கூடும். கழுத்துப் பட்டையும் கட்டுத்துணியும் வீக்கத்தை மறைத்துவிடுவதுண்டு. “படுத்தா மூச்சு முட்டுது”, “தொண்டைய அடைக்குது” என்று நோயாளி சொல்வதைக் கழுத்துவலியின் முனகலாகக் கொண்டு வலிமருந்தோடு நிறுத்திவிடுவதே இரவு நேர வார்டுகளில் அஞ்சத்தக்கது.

நீண்ட அறுவைக்குப்பின் செயற்கைக் குழாயை மறுநாள்வரை அகற்றாமல் விடுவதுண்டு. குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் காற்றை இறக்கி, மூச்சு குழாயின் வெளிப்புறமாகக் கசிகிறதா என்று அப்போது சோதிக்கப்படும். கசியாவிடில் வீக்கம் இருக்கலாம், கசிந்தாலோ வீக்கமே இல்லை என்றாகாது.

ஒரே ஆளை அடுத்தடுத்துப் பார்த்து, முன்பிருந்ததோடு ஒப்பிட்டு எழுதிவைக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று. ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தை எழுப்பிய தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்தில், கண்நோயாளிகளின் நிலை படங்களோடு பதியப்பட்ட குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. கழுத்து அறுவைக்குப்பின் தேவைப்படுவதும் அத்தகைய ஏடுதான்: மணிக்கொருமுறை குரல், விழுங்கல், கழுத்தின் சுற்றளவு, நாடி. இரண்டாம் நாளே வீடு திரும்புவோருக்கு அந்த ஏடு வார்டோடு முடிந்துவிடுகிறது. வீக்கம் உச்சம் தொடும் இரவில் அதை நடத்தவேண்டியவர், 20 கிலோமீட்டருக்கு அப்பால், கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்.