பொன்னேரி ஆடு வளர்ப்பு: மந்தையைப் பெருக்கணுமா, குட்டியைக் காப்பாத்தணுமா?

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்றாலே சிப்காட்டும் கன்டெய்னர் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இறைச்சிக்குப் பெயர்பெற்ற 'சென்னை சிவப்பு' செம்மறி ஆட்டின் சொந்த மண்ணும் இதுதான். ஏழைக் குடும்பங்களுக்கு 4 ஆடுகள் வழங்கும் அரசுத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியதும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான்.

மேய்ச்சல் நிலமோ சுருங்கிக்கொண்டே போகிறது. அப்போ வருமானம் எப்படிக் கூடும்?

ஒரு குட்டியின் கணக்கு

சென்னை சிவப்பு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். சினைக்காலம் சுமார் 5 மாதம். 10 பெட்டை ஈன்று 3 குட்டி செத்தால், 3 ஆட்டை ஒரு பருவம் முழுக்க சும்மா மேய்த்த கதைதான். கூடுதல் ஆடு வாங்காமலேயே லாபம் கிடைக்கும் இடம் இதுதான்.

ஊசி எப்போது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு. மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை வயிறுமுட்ட மேயும் ஆட்டின் குடலில் கிருமி பெருகி நஞ்சு உண்டாகும். நன்றாக இருந்த ஆடு திடீரெனத் துள்ளி விழுந்து இறக்கும். அதனால்தான் இது 'துள்ளுமாரி'.

இன்னொன்று ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். 2030-க்குள் இதை உலகிலிருந்தே ஒழிக்க ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு இலக்கு வைத்துள்ளது. இதற்கும் தடுப்பூசி உண்டு. கூடவே, மழைக்காலத்தில் பட்டியில் ஈரம் தேங்கக் கூடாது. குடற்புழு நீக்கமும் அவசியம்.

கோடைக்கு என்ன வழி?

வயிற்றில் குட்டி வேகமாக வளர்வது கடைசி ஒன்றரை மாதத்தில்தான். அது வறண்ட கோடையில் வந்தால், தாய் மெலியும், பால் குறையும், குட்டி தேறாது. வேலியோரம் அகத்தி, சூபாபுல் வைப்பதும், அறுவடைக்குப் பின் நிலக்கடலைக் கொடியைக் காயவைத்துச் சேமிப்பதும் கைகொடுக்கும். சினை ஆட்டுக்குக் கொஞ்சம் அடர்தீவனமும் தர வேண்டும்.

வெளியூர் கிடா வாங்கலாமா?

உடம்பு பெரிதானால் தீனியும் அதிகம் வேண்டும். மேய்ச்சலை மட்டுமே நம்பும் மந்தைக்கு, இந்த ஊர் வெயிலுக்குப் பழகிய இனமே தோது. அதே இனத்தில் நல்ல கிடாவைத் தேர்வு செய்து, 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மாற்றாவிட்டால் அது தன் குட்டிகளோடேயே இணையும், மந்தை நலியும்.

இதற்கெல்லாம் முதல் படி, புரட்டாசிக்குள் பக்கத்து கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசித் தேதியைக் கேட்டு வைப்பதுதான்.