பியூஸ் ஏன் அடிக்கடி போகிறது? பழைய ரேடியோவும் கடற்காற்றும்

கல்லையே அரிக்கிற காற்று அது! மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் 8-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் சிற்பங்கள் பலவற்றை உப்புக் காற்று மழுக்கிவிட்டது. காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்த்தார்கள். காகிதக் கூழை அப்பி, கல்லுக்குள் ஏறிய உப்பை உறிஞ்சி எடுத்தார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால், ரேடியோப் பெட்டிக்குள் இருக்கும் செப்புக் கம்பியும் மெழுகுக் காகிதமும் எம்மாத்திரம்?

சென்னை வானொலி நிலையம் 1938-ல் தொடங்கியது. அதன் பிறகு கூடத்தில் வந்து அமர்ந்த மர்பி, பிலிப்ஸ் ரேடியோக்களும், கல்யாணப் பந்தலில் முழங்கிய வால்வு ஆம்பிளிபயர்களும் இன்று பரணில் உறங்குகின்றன. தாத்தா கேட்ட பெட்டியை மீண்டும் பாட வைக்கப் பேரனுக்கு ஆசை. தூசி தட்டிச் சுவிட்சைத் திருகுகிறான். 'பட்!' பியூஸ் போய்விடுகிறது. புதிது போட்டால் அதுவும் போகிறது.

காவற்காரனைக் கொல்லலாமா?

இங்கேதான் சிலர் விபரீதம் செய்கிறார்கள். சிகரெட் பெட்டியின் ஈயக் காகிதத்தைச் சுற்றிப் பியூஸ் இருந்த இடத்தில் செருகிவிடுகிறார்கள். பியூஸ் என்பது வீட்டுக் காவற்காரன். மின்சாரம் அளவு மீறினால் தான் உருகி மற்றதைக் காக்கும். அவன் வாயைக் கட்டிவிட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்பார்மர். பெட்டியோ மரம், பக்கத்தில் ஜன்னல் திரை. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

எப்போது போகிறது?

பியூஸ் போகும் நேரமே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

சுவிட்சைப் போட்டவுடன் போனால், மின்சாரம் நுழையும் வயர், அதன் குறுக்கே உள்ள கண்டென்சர், டிரான்ஸ்பார்மர், ரெக்டிபையர் வால்வு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். வெளிநாட்டுப் பெட்டிகளின் முதுகில் 110, 220 என்று வோல்ட் மாற்றும் அமைப்பு இருக்கும். அது 110-ல் நின்றால், நம் ஊர் 230 வோல்ட்டை எப்படித் தாங்கும்?

வால்வு சூடேறி, அரை நிமிஷம் கழித்துப் போனால், பெரும்பாலும் குற்றவாளி பில்டர் கண்டென்சர். பல வருஷம் சும்மா கிடந்தால் அதன் உள்ளே உள்ள காப்புப் படலம் கெட்டுவிடும்.

அரை மணி பாடிய பிறகு போனால், காகிதக் கண்டென்சரைப் பாருங்கள். கடலோர ஈரம் அதற்குள் புகுந்தால் மின்சாரம் கசியும். அந்தக் கசிவு கடைசி வால்வை வெறி பிடித்தாற்போல் உழைக்க வைத்துக் கொதிக்கச் செய்யும்.

கருகிப்போன பியூஸ் கண்ணாடி பெரிய கோளாறைக் காட்டும். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், மிகை சிறிது என்று கொள்ளலாம். 'ஸ்லோ புளோ' பியூஸ் போட வேண்டிய இடத்தில் சாதாரணப் பியூஸ் போட்டாலும், கோளாறே இல்லாமல் போவதுண்டு.

ஒரு குண்டு பல்பு போதும்

மெக்கானிக்குகள் கையாளும் எளிய உபாயம் 'சீரீஸ் லாம்ப்'. ரேடியோவுக்குப் போகும் ஒரு கம்பியின் இடையில் 60 வாட் குண்டு பல்பைச் சேர்க்கிறார்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சம் தரும்; மின்சாரம் சுமார் கால் ஆம்பியரோடு நின்றுவிடும். பெட்டி நல்லதானால் பல்பு முதலில் எரிந்து பிறகு மங்கும்.

முழு வெளிச்சம் வந்தால், பிளக்கைப் பிடுங்கி, ரெக்டிபையர் வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்கிறார்கள். பல்பு மங்கினால் குற்றம் வால்விலோ, அதற்கு அப்பாலோ இருக்கிறது. மங்காவிட்டால் வயர் அல்லது டிரான்ஸ்பார்மர் பக்கம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் திருடன் தானே அகப்படுவான்.

ஜாக்கிரதை!

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். டிரான்ஸ்பார்மர் இல்லாத 'ஏ.சி./டி.சி.' ரேடியோக்களில் இரும்புத் தட்டே ஷாக் அடிக்கக்கூடும். ஆகையால் பெட்டிக்குள் கைவைப்பதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நலம். எப்போது போயிற்று, கண்ணாடி கருகியதா என்ற இரண்டு விவரத்தையும் அவரிடம் சொன்னால், பாதி வேலை முடிந்தாற்போல்தான். பழுது நீங்கிய பின் பெட்டியை அதே கடற்காற்றில் வைக்க வேண்டாம். ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி வைத்து, வாரம் ஒரு முறையாவது பாட விடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை ஓட்டிவிடும்.