கிணற்றுப் பம்பும் திருவெறும்பூர்க் கொதிகலனும்

ஸ்ரீரங்கம் தீவு காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்தது. ஆற்றில் நீர்வரத்துக் குறையும் மாதங்களில், இங்கு வாழையும் தென்னையும் பயிரிடும் குடியானவர்கள் கிணற்றையும் மின்சாரப் பம்பையுமே நம்பியிருக்கின்றனர். அம்மின்சாரம் எவ்வாறு உண்டாகிறது, அம்முறையில் ஏன் மாறுதல் வேண்டும், அதில் தமக்குரிய பங்கு யாது என்பவற்றை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

பைக்காராவில் 1932-ஆம் ஆண்டிலும் மேட்டூரில் 1937-ஆம் ஆண்டிலும் நீர்விசையால் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். பின்னர்த் தேவை பன்மடங்கு பெருகியது. இன்று இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியினாலேயே கிடைக்கிறது. நிலக்கரி எரிவதால் கரியமில வாயு காற்றில் மிகுந்து, பூமியின் உஷ்ணம் உயர்கிறது. கடும் வெயிலும், ஒரே நாளில் கொட்டும் பெருமழையும் அதனால் அதிகமாகின்றன. அந்நஷ்டம் முதலில் விழுவது வயலின் மேலேயாம்.

நிலக்கரியின் வெப்பத்தால் நீர் ஆவியாகி, அவ்வாவி யந்திரத்தைச் சுழற்றுகிறது. ஆவியின் உஷ்ணமும் அழுத்தமும் உயர உயர, அதே நிலக்கரியிலிருந்து கிடைக்கும் மின்சாரமும் அதிகமாகும். பழைய முறை நிலையங்களில் நிலக்கரியின் சக்தியில் 100-க்குச் சுமார் 38 பங்கே மின்சாரமாகிறது. ஆவியின் உஷ்ணத்தை 700 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்த்தினால் இது சுமார் 46 பங்காகும் என்று பொறியியலாளர் கணக்கிட்டனர். அதாவது, அதே மின்சாரத்திற்குச் சுமார் ஆறில் ஒரு பங்கு நிலக்கரி மிச்சமாகும். ஆனால் அவ்வளவு உஷ்ணத்தைச் சாதாரண எஃகுக் குழாய்கள் நெடுநாள் தாங்கா.

இக்குறையை ஒரு நிறுவனம் தனித்து நீக்குதல் அரிது. ஆகையால் மத்திய சர்க்கார் 2016-ஆம் ஆண்டில் 1,554 கோடி ரூபாய் மதிப்புள்ள ஆராய்ச்சித் திட்டத்திற்கு அனுமதி அளித்தனர். திருவெறும்பூரில் 1965 முதல் கொதிகலன் தொழிற்சாலை நடத்திவரும் பாரத மிகுமின் நிறுவனமும், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும், தேசிய அனல் மின் கழகமும் அதில் ஒன்றுசேர்ந்தன. குழாய்க்கேற்ற உலோகக் கலவையை ஆராய்தல் ஒருவர் வேலை. கொதிகலனை வகுத்துச் செய்தல் மற்றொருவர் வேலை. நிலையத்தை நடத்தும் அனுபவத்தை அளித்தல் மூன்றாமவர் வேலை. இம்முறையில் 800 மெகாவாட் நிலையம் ஒன்று அமைக்கப்படும் என 2024-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

எனினும் இதனால் நிலக்கரிச் செலவு குறையுமேயன்றி ஒழியாது. பகலில் நடக்கும் பாசனத்திற்குச் சூரிய ஒளியே பெரிதும் பொருந்துவதாகும். 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தில், சூரியசக்திப் பம்பின் விலையில் 100-க்கு 30 பங்கை மத்திய சர்க்காரும், குறைந்தது 30 பங்கை மாநில சர்க்காரும், எஞ்சியதைக் குடியானவரும் ஏற்பதென வகுக்கப்பட்டது. 5 குதிரைத்திறன் பம்புக்குச் சுமார் 4,800 வாட் திறனுள்ள தகடுகள் வேண்டும். அவற்றின்மேல் தென்னை நிழல் விழலாகாது. படியும் தூசியை அடிக்கடி துடைத்தல் அவசியம்.

வெயிலுக்குக் கட்டணமில்லை என்று எண்ணி நாள் முழுவதும் நீர் இறைப்பது பெருந்தவறு. கிணற்றின் ஊற்று அடுத்த வயலுக்கும் உரியது. அது கீழிறங்கினால் எந்தப் பம்பும் பயன்படாது. வாழைக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைத்தால் குறைந்த நீரே போதும். வாய்க்கால் தூர்வார வீட்டிற்கோர் ஆள் சென்ற குடிமராமத்து வழக்கத்தைக் காவிரிக்கரையார் அறிவர். சக்தி மாறுதலும் அத்தகைய பொதுப்பணியே. நீரை அளந்து இறைத்தல் அதில் குடியானவரின் பங்காகும்.

சூரியசக்திப் பம்பு வாங்க எண்ணுவோர், முதலில் கோடையில் கிணற்றில் நிற்கும் நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு, அச்சமயம் நடப்பிலுள்ள மானிய விதிகளை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்தறிந்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.